கண்ணுக்கு விடுதலை, கைக்குப் பயிற்சி

கூடைப்பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக் கூடாது. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கியபோது வகுத்த 13 விதிகளிலேயே இந்தத் தடை இருந்தது. பந்தைப் பிடித்தவர் பிடித்த இடத்திலிருந்தே அதை எறிந்துவிட வேண்டியிருந்தது. எதிரணி நெருக்கும்போது எறிவதற்கு ஆள் கிடைக்காமல் தவித்த ஆட்டக்காரர்கள், பந்தைத் தரையில் விட்டு மறுபடி எடுக்கத் தொடங்கினார்கள். தப்பிக்கக் கண்டுபிடித்த அந்த வழிதான் நாளடைவில் ‘டிரிப்ளிங்’ என்ற கலையாக வளர்ந்தது.

நின்ற இடத்தில் பந்தைத் தட்டுவது ஒன்றும் பெரிய வித்தையில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கும் ஒரு பிற்பகலில் கைவந்துவிடும். தட்டிக்கொண்டே ஓடும்போதும், எதிரில் ஒருவர் வழிமறிக்கும்போதும்தான் சிக்கல் தொடங்குகிறது. பந்தைப் பார்த்தால் களம் தெரிவதில்லை. களத்தைப் பார்த்தால் பந்து நழுவுகிறது. இந்த முடிச்சை அவிழ்ப்பதற்காகவே பந்துத் திறன் வளர்க்கும் கருவிகளில் பெரும்பாலானவை உருவாயின. சிறப்புக் கண்ணாடி, எடை கூட்டிய பந்து, கையுறை, டென்னிஸ் பந்து, மின்னும் விளக்கு எனப் பல வடிவங்களில் அவை கிடைக்கின்றன. வேலை செய்யும் முறையில் மட்டும் பெரும்பாலும் ஒரே குடும்பம்: ஆட்டக்காரர் சார்ந்திருக்கும் ஏதோ ஒன்றை அவை பறித்துவிடுகின்றன. ஒன்று பார்வையைப் பறிக்கும், இன்னொன்று நேரத்தை, மற்றொன்று கவனத்தை. இழந்ததை ஈடுகட்ட உடல் வேறு வழி தேடுகிறது. அந்த வழி ஆட்டத்திலும் கைகொடுக்குமா என்பதே ஒவ்வொரு கருவியிடமும் கேட்க வேண்டிய கேள்வி.

பந்து, தரை, விரல்

ஆண்கள் ஆடும் 7ஆம் எண் கூடைப்பந்தின் எடை சுமார் 600 கிராம், குறுக்களவு சுமார் 24 செ.மீ. 1.8 மீட்டர் உயரத்திலிருந்து கைவிட்டால், அது ஏறக்குறைய 1.04 முதல் 1.09 மீட்டர் வரை எழும்ப வேண்டும் என்பது சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் அளவுகோல். அதாவது ஒவ்வொரு மோதலிலும் பந்து தன் ஆற்றலில் சுமார் ஐந்தில் இரண்டு பங்கை இழக்கிறது. அந்த இழப்பை ஒவ்வொரு தட்டிலும் கை ஈடுசெய்கிறது. குறைவாகத் தள்ளினால் பந்து சோர்ந்துவிடும். கூடுதலாகத் தள்ளினால் மார்பு வரை எழும்பி எதிராளிக்கு விருந்தாகும்.

தட்டும் உயரத்துக்கும் நேரத்துக்கும் உள்ள உறவும் முக்கியமானது. 90 செ.மீ. உயரத்திலிருந்து தானாக விழும் பொருள் தரையைத் தொட 0.43 வினாடி ஆகும், 30 செ.மீ. உயரத்திலிருந்து 0.25 வினாடி போதும். கை தள்ளுவதால் பந்து இதைவிட விரைவாகவே இறங்கும் என்றாலும் கணக்கின் போக்கு மாறாது. தாழ்வாகத் தட்டினால் பந்து கையை விட்டு விலகியிருக்கும் நேரம் குறைகிறது. அந்த இடைவெளியில்தான் எதிராளியால் பந்தைப் பறிக்க முடியும். ‘முழங்காலுக்குக் கீழே தட்டு’ என்று பயிற்சியாளர்கள் ஓயாமல் கத்துவதற்கு இதுவே காரணம்.

பந்து மேலே வரும்போது உள்ளங்கை அதைத் தொடக் கூடாது; விரல்களின் சதைப்பற்றான முன்பகுதியே தொட வேண்டும். அனுபவமுள்ள பயிற்சியாளர் இதைக் காதாலேயே கண்டுபிடித்துவிடுவார். உள்ளங்கையில் பட்டால் ‘பளார்’ என்று அறைந்த சத்தம் கேட்கும். விரல்நுனியில் பட்டால் தரையின் ஓசை மட்டும் கேட்கும். இந்த வேறுபாட்டுக்கு உடற்கூறு சார்ந்த காரணம் உண்டு. மனிதனின் ஒரு கையின் உட்பக்கத் தோலில் சுமார் 17,000 தொடு உணரிகள் இருப்பதாக ஸ்வீடன் ஆய்வாளர்கள் யோஹான்சனும் வால்போவும் 1979இல் கணக்கிட்டார்கள். அவை மிக நெருக்கமாகக் குவிந்திருக்கும் இடம் விரல்நுனி. வழுக்கலை உணர்பவை, விளிம்பையும் சொரசொரப்பையும் அறிபவை, அதிர்வைப் பிடிப்பவை, தோல் இழுபடுவதைச் சொல்பவை என அவற்றில் நான்கு வகைகள் உண்டு. பந்தின் மேலுள்ள சிறு பருக்களும் வரிப்பள்ளங்களும் இந்த உணரிகளுக்குச் செய்தி அனுப்புகின்றன. பந்து எந்தப் பக்கம் சுழல்கிறது, எவ்வளவு சாய்ந்து வருகிறது என்பதை விரல் அறிந்துவிட்டால், அதே செய்திக்காகக் கண் கீழே குனிய வேண்டியதில்லை.

பார்வையைப் பறிப்பவை

டிரிப்ளிங் கண்ணாடி என்பது இந்தத் துறையின் மிகப் பழகிய கருவி. அதில் ஆடி இருக்காது. மூக்கின் மேல் அமரும் பிளாஸ்டிக் சட்டமும், கன்னத்துக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு தடுப்பும்தான் உண்டு. மனிதக் கண் நேராகப் பார்க்கும்போதே கீழ்நோக்கி ஏறத்தாழ 70 பாகை வரை மங்கலாகக் காண்கிறது. தலை நிமிர்ந்திருக்கும் ஆட்டக்காரரும் அந்த ஓரப் பார்வையில் பந்தைக் கண்காணித்துக்கொண்டே இருப்பார். ‘தலையைத் தூக்கு’ என்ற அறிவுரை இந்த ஓரப் பார்வையைத் தடுப்பதில்லை, கண்ணாடி தடுத்துவிடுகிறது. முதல் நாள் பந்து காலில் பட்டு ஓடும். சில நாட்களில் விரல்கள் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளத் தொடங்கும்.

கருவி எதுவும் இல்லாமலும் இதே பாடத்தைக் கற்கலாம் என்பதற்கு அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் பீட் மராவிச் சான்று. பயிற்சியாளரான தந்தையின் கண்காணிப்பில் வளர்ந்த அவர், சிறுவயதில் கண்ணைக் கட்டிக்கொண்டு பந்து தட்டியவர். தந்தை காரை ஓட்ட, கார் சன்னலுக்கு வெளியே கையை நீட்டிச் சாலையில் பந்தைத் தட்டிப் பழகியவர். லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக மூன்று பருவங்களில் ஆட்டத்துக்குச் சராசரியாக 44.2 புள்ளிகள் எடுத்தார். ஓடும் காரிலிருந்து தட்டும்போது பந்து தரையில் பட்டு எங்கே எழும்பும் என்பது வேகத்தோடு மாறிக்கொண்டே இருக்கும். கண்ணால் அளந்து கையை நகர்த்த அங்கே அவகாசம் இல்லை.

இதன் நவீன வாரிசு, விட்டுவிட்டு இருளும் ஸ்ட்ரோப் கண்ணாடி. அதன் ஆடிகளில் உள்ள திரவப் படிகம் ஒரு கணம் தெளிவாகவும் மறுகணம் மங்கலாகவும் மாறும். நைக்கி நிறுவனம் 2011 வாக்கில் கொண்டுவந்த மாதிரியில் தெளிவான இடைவெளி பத்தில் ஒரு வினாடி. மங்கும் இடைவெளியை 0.067 வினாடியிலிருந்து 0.9 வினாடி வரை கூட்டிக்கொண்டே போகலாம். பந்தின் பாதையை முழுத் திரைப்படமாகக் காணாமல் சில நிழற்படங்களாகக் கண்டு, நடுவில் விடுபட்டதை மூளை ஊகித்து நிரப்ப வேண்டும். டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தக் கண்ணாடியுடன் பழகியவர்களிடம் நுண்ணிய அசைவுகளைக் கண்டறியும் திறன் கூடியதைப் பதிவு செய்தார்கள். ஆனால் ஆய்வகத்தில் திரையைப் பார்த்து விடை சொல்வதும் களத்தில் பந்தைப் பிடிப்பதும் வேறு வேறு. முதலாவதில் முன்னேற்றம் வந்தால் இரண்டாவதிலும் வந்துவிடும் என்று கொள்ள முடியாது.

எடையும் எழும்பலும்

எடை கூட்டிய கூடைப்பந்து பார்வைக்கு வழக்கமான பந்து போலவே இருக்கும்; எடை மட்டும் சுமார் 1.3 கிலோ, இருமடங்குக்கும் மேல். அதைத் தட்ட விரல்களும் மணிக்கட்டும் முன்கையும் கூடுதலாக உழைக்க வேண்டும். தசைவலு கூடுவது உண்மையான பயன்தான். ஆனால் பயிற்சி முடிந்து வழக்கமான பந்தைத் தொட்டவுடன் அது இறகு போல இருப்பதாகவும், கை மின்னல் வேகத்தில் போவதாகவும் தோன்றுமே, அதை நம்பக் கூடாது. பேஸ்பால் மட்டையில் எடை மாட்டிச் சுழற்றிய பிறகு மட்டை வேகமாகச் சுழல்வதாக ஆட்டக்காரர்கள் உணர்ந்தார்கள். அளந்து பார்த்த ஆய்வுகளில் வேகம் கூடியிருக்கவில்லை, சில வேளைகளில் குறைந்தே இருந்தது. தசையின் நினைவில் தங்கும் பழைய எடை ஏற்படுத்தும் மயக்கம் அது. கனமான பந்துக்குப் பழகிய விசையோடு வழக்கமான பந்தைத் தட்டினால் அது கட்டுக்குள் அடங்காது. எனவே எடைப் பந்தைச் சில நிமிடங்கள் தட்டிவிட்டு, உடனே வழக்கமான பந்துக்கு மாறித் தாளத்தைச் சரிசெய்துகொள்வதே வழக்கம். காற்று சற்றுக் குறைந்த பழைய பந்தும் இதே வேலையைச் செலவில்லாமல் செய்யும். எழும்பல் குறைவதால் கை அழுத்தித் தள்ளியாக வேண்டும்.

எடையைக் குறைப்பதும் பயிற்சிதான். சிறுவர்களுக்கான 5ஆம் எண் பந்தின் எடை அரைக் கிலோவைத் தாண்டாது. சின்னக் கைக்குப் பெரிய பந்தைக் கொடுத்தால் பிள்ளை உள்ளங்கையால் அறையவும் இரு கைகளால் தள்ளவும் பழகிவிடும். பிறகு அந்தப் பழக்கத்தை மாற்றுவது பெரும்பாடு. பத்து வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் வேகம் குறைந்த பந்துகளையே பயன்படுத்த வேண்டும் என்று 2012இல் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு விதி செய்ததும் இதே காரணத்தால்தான்.

எழும்பலைக் குறைத்த பந்தை ஒரு தனி ஆட்டமே பயன்படுத்துகிறது. 1930இல் உருகுவேயின் மாண்டிவிடியோ நகரில் ஹுவான் கார்லோஸ் செரியானி உள்ளரங்கக் கால்பந்தாகத் தொடங்கியதே இன்றைய ஃபுட்சால். வழக்கமான கால்பந்தை 2 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் 1.35 மீட்டருக்கு மேல் எழும்பும். ஃபுட்சால் பந்து 50 முதல் 65 செ.மீ. வரைதான் எழும்பும். பந்து காலருகிலேயே கிடப்பதால் இடுக்கான இடத்தில் உள்ளங்காலால் உருட்டி, இழுத்து, திருப்பி ஆட வேண்டியிருக்கிறது. ரொனால்டினோ, நெய்மர் போன்ற பிரேசில் வீரர்கள் சிறுவயதில் ஃபுட்சால் ஆடி வளர்ந்தவர்கள். எதிராளியும் அவசரமும் முடிவெடுக்கும் கட்டாயமும் அந்தப் பயிற்சிக்குள்ளேயே இருப்பது அதன் பெரிய பலம்.

கையுறை இதற்கு நேர்மாறு. வழுவழுப்பான உள்பரப்போ கூடுதல் எடையோ கொண்ட டிரிப்ளிங் கையுறைகள் விரல்நுனியின் உணர்வை மழுங்கடிக்கின்றன. கழற்றியதும் விரல் கூர்மையாவதாகத் தோன்றுவது, எடைப் பந்து தரும் மயக்கத்தின் உடன்பிறப்பு. டிரிப்ளிங்கில் கை கற்க வேண்டியது தொடு உணர்வின் மொழியை. அந்த மொழியையே அடைத்துவிட்டுப் பாடம் நடத்துவது பொருத்தமாகாது.

கவனத்தைப் பறிப்பவை

இடது கையால் பந்தைத் தட்டிக்கொண்டே வலது கையால் ஒரு டென்னிஸ் பந்தை மேலே எறிந்து பிடிப்பது எளிய பயிற்சி. பந்து தரையைத் தொடும் நேரத்தில் டென்னிஸ் பந்து காற்றில் இருக்கும். அதைப் பிடிக்கக் கண் மேலே போகும். கீழே உள்ள பந்தைக் கைதான் பார்த்துக்கொள்ள வேண்டும். கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியின் ஸ்டெஃபன் கறி, பயிற்சியாளர் பிராண்டன் பெயினுடன் இதைச் செய்யும் காட்சிகள் உலகெங்கும் பரவின. பெயின் எதிரில் நின்று டென்னிஸ் பந்தை எறிவார். கறி ஒரு கையால் தட்டுவதை நிறுத்தாமல் மறுகையால் அதைப் பிடித்துத் திருப்பி எறிந்துவிட்டு, அதே மூச்சில் கைமாற்றித் தட்டுவார். சுவரில் பொருத்திய விளக்குகளில் எது ஒளிர்கிறதோ அதைத் தட்டியணைக்கும் கருவியும் இதே தத்துவத்தில் இயங்குவதுதான்.

இந்தப் பயிற்சியின் அறிவியல் அடிப்படையைச் சியான் பைலாக்கும் சக ஆய்வாளர்களும் 2002இல் வெளியிட்ட சோதனை தெளிவாக்கியது. கால்பந்தைக் கோன்களுக்கிடையே வளைத்து வளைத்து ஓட்டிச் செல்லும்படி புதியவர்களிடமும் தேர்ந்தவர்களிடமும் சொன்னார்கள். ஒரு சுற்றில், பந்தைத் தொடுவது பாதத்தின் எந்தப் பக்கம் என்று கவனிக்க வேண்டும். இன்னொரு சுற்றில், ஒலிபெருக்கியில் வரும் சொற்களில் குறிப்பிட்ட சொல் ஒலிக்கும்போது சொல்ல வேண்டும். பாதத்தைக் கவனித்தபோது புதியவர்கள் நன்றாக ஆடினார்கள். தேர்ந்தவர்களோ பழகிய வலக்காலால் ஆடும்போது, கவனம் வேறெங்கோ இருந்தபோதுதான் வேகமாகப் போனார்கள். பாதத்தைக் கவனித்தபோது தடுமாறினார்கள். அதே தேர்ந்தவர்கள் பழகாத இடக்காலால் ஆடியபோது புதியவர்களைப் போலவே நடந்துகொண்டார்கள்.

கருவியைத் தேர்ந்தெடுப்பதற்கு இது நல்ல வழிகாட்டி. அடிப்படை அசைவு இன்னும் கைவராத பிள்ளைக்கு டென்னிஸ் பந்தையும் சேர்த்துக் கொடுத்தால் இரண்டும் கெடும். அசைவு கைவந்தவருக்கு அதே டென்னிஸ் பந்து, கையைத் தன்பாட்டில் இயங்கவிடும் பழக்கத்தை ஏற்படுத்தும். ஒரே ஆட்டக்காரரின் வலக்கைக்குப் பொருந்துவது இடக்கைக்குப் பொருந்தாமலும் போகலாம்.

நேரத்தைப் பறிப்பவை

பந்தைப் பிடிக்கும் திறனுக்கான கருவிகள் நேரத்தோடு விளையாடுகின்றன. மட்டையின் விளிம்பில் பட்டு வினாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்து, 15 மீட்டர் தொலைவில் நிற்கும் ஸ்லிப் ஃபீல்டரை அரை வினாடியில் அடையும். கண்ணில் பட்டதற்குக் கை அசையத் தொடங்கவே ஏறத்தாழ 0.2 வினாடி கழிந்துவிடும். வளைந்த மரச்சட்டங்களால் தொட்டில் வடிவில் செய்த பழைய பயிற்சிக் கருவி இந்த நெருக்கடியைச் செயற்கையாக உருவாக்குகிறது. ஒரு பக்கத்திலிருந்து எறிந்த பந்து சட்டங்களில் பட்டுத் திடீரென உயர்ந்தோ தாழ்ந்தோ மறுபக்கம் பாயும். பல முகங்களோடு புடைப்புகள் கொண்ட ‘ரியாக்‌ஷன்’ ரப்பர் பந்து, தரையில் பட்டதும் எந்தப் பக்கம் துள்ளும் என்று சொல்ல முடியாது. இவை எதிர்வினையைச் சோதிக்கும். ஆனால் ஆட்டத்தில் பந்து காரணமின்றித் துள்ளுவதில்லை. மட்டை திரும்பும் கோணத்தையும் பந்துவீச்சின் போக்கையும் பார்த்தே நல்ல ஃபீல்டர் முன்கூட்டி நகர்கிறார். அந்த முன்குறிப்பைப் படிக்கும் பயிற்சியை ரப்பர் பந்து தராது; உண்மையான மட்டையாளர் ஒருவர் விளிம்பில் தட்டிவிடும் பந்துதான் தரும்.

ஆஸ்திரேலியக் கிரிக்கெட் வீரர் டான் பிராட்மன் சிறுவனாக பௌரல் ஊரில் தானே உருவாக்கிக்கொண்ட பயிற்சி பெரிதும் பேசப்படுவது. தண்ணீர்த் தொட்டியின் செங்கல் அடித்தளத்தில் கோல்ஃப் பந்தை எறிந்து, திரும்பி வருவதை ஸ்டம்பால் அடிப்பார். ஃபீல்டிங்குக்கு வேறொரு வழி வைத்திருந்தார். வேலியின் உருண்டையான கட்டையைக் குறிவைத்து அதே பந்தை எறிவார். சரியாகப் பட்டால் பந்து திரும்பி வரும், பிடிக்கலாம். தவறினால் நெடுந்தூரம் நடந்துபோய் எடுத்துவர வேண்டும். ஒவ்வொரு பிழைக்கும் உடனடி விலை. அந்தப் பயிற்சியின் கூர்மை அதில்தான் இருந்தது.

பேஸ்பாலில் குழிவு இல்லாத தட்டைக் கையுறை இன்னொரு நல்ல உதாரணம். வழக்கமான கையுறையின் பை போன்ற குழிவு, பிழையாகப் பிடித்த பந்தையும் தாங்கிக்கொள்ளும். தட்டைக் கையுறையில் பந்து தங்காது. சரியான இடத்தில் வாங்கி, மறுகையால் உடனே மூடினால்தான் உண்டு.

அளந்து சொல்பவை

உணரி பொருத்திய பந்துகளும் கைபேசிச் செயலிகளும் பறிக்கும் கருவிகளிலிருந்து மாறுபட்டவை, அவை கொடுக்கின்றன. கைபேசியின் கேமரா, பந்து தட்டும் வேகத்தையும் எண்ணிக்கையையும் கணக்கிட்டு உடனுக்குடன் காட்டும். 2018 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனத்தின் அறிமுக விழாவில் முன்னாள் கூடைப்பந்து வீரர் ஸ்டீவ் நாஷ் மேடையேறி ஹோம்கோர்ட் என்ற செயலியைக் காட்டியபின் இவ்வகை பரவலாயிற்று.

இங்கே ஆபத்து வேறு. ஒவ்வொரு முயற்சிக்கும் மதிப்பெண் சொல்லிக்கொண்டே இருந்தால் கற்பவர் அதன்மேல் சாய்ந்துகொள்கிறார். தன் விரல் சொல்வதைக் கேட்காமல் திரை சொல்வதையே கேட்கிறார் என்று 1980களில் ரிச்சர்ட் ஷ்மிட்டும் சக ஆய்வாளர்களும் விளக்கினார்கள். எல்லா முயற்சிக்கும் சொல்வதைவிட, சிலவற்றுக்கு மட்டும் சொல்லி, அதையும் படிப்படியாகக் குறைத்தால் கற்றது நிலைக்கிறது. செயலியைப் பயிற்சியின் முடிவில் பார்ப்பது நடுவில் பார்ப்பதைவிட நல்லது.

பயிற்சியை அடுக்கும் முறை

எந்தக் கருவி என்பதைவிட எந்த வரிசை என்பது பெரிய கேள்வி. ஜான் ஷேயும் ராபின் மார்கனும் 1979இல் வெளியிட்ட சோதனையில், கையில் டென்னிஸ் பந்தை எடுத்துக்கொண்டு மரத் தடுப்புகளைக் குறிப்பிட்ட வரிசையில் தட்டிச் சாய்க்க வேண்டும். மொத்தம் மூன்று வரிசைகள். ஒரு குழு முதல் வரிசையை முடித்தபின் இரண்டாவதுக்குப் போனது. மற்றது மூன்றையும் கலந்து பழகியது. பயிற்சியின்போது கலந்து பழகியவர்கள் தடுமாறினார்கள். பத்து நாள் கழித்துச் சோதித்தபோது அவர்களே முன்னணியில் இருந்தார்கள்.

டிரிப்ளிங்குக்கு இதைப் பொருத்தினால், ஐம்பது கிராஸ்ஓவர் (கைமாற்றித் தட்டுதல்), பிறகு ஐம்பது முதுகுப்பின் தட்டல் என்று தனித்தனியாக அடுக்குவது அன்றைக்கு அழகாகத் தெரியும். இரண்டையும் கலந்து, நடுவில் கண்ணாடியை மாட்டியும் கழற்றியும், எடைப் பந்தையும் வழக்கமான பந்தையும் மாற்றி மாற்றித் தட்டுவது அன்றைக்கு அலங்கோலமாகத் தெரிந்தாலும் பிற்பாடு நிலைக்கும். கோன்களை அடுக்கி வளைந்தோடுவதும் தொடக்கத்துக்கு மட்டுமே. கோன் கையை நீட்டிப் பந்தைப் பறிக்காது; அது நிற்கும் இடத்தில் நிஜ எதிராளியை நிறுத்தும்போதுதான் எப்போது திசை மாறுவது என்ற முடிவும் பயிற்சிக்குள் வருகிறது.

சென்னையில் ஹாரி க்ரோ பக் 1920இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி வழியாகக் கூடைப்பந்து வேரூன்றிய தமிழ்நாட்டில், விலை உயர்ந்த கருவி இல்லாத பள்ளி மைதானங்களே மிகுதி. மேலே கண்ட பயன்களில் பெரும்பாலானவை அங்கும் கிடைக்கும். காற்றுக் குறைந்த பந்து எடைப் பந்துக்கு ஈடு. கன்னத்தின் மேல் கட்டிய அட்டை டிரிப்ளிங் கண்ணாடிக்கு ஈடு. எதிரில் நிற்கும் நண்பர் காட்டும் விரல்களை எண்ணி உரக்கச் சொல்லிக்கொண்டே தட்டுவது, ஒளிரும் விளக்குக்கு ஈடு.

கருவி பயன்பட்டதா என்று அறியப் பயிற்சி நேரத்துத் திறமை உதவாது. கண்ணாடியையும் எடைப் பந்தையும் ஒரு வாரம் ஒதுக்கி வைத்துவிட்டு, வழக்கமான பந்தோடு, எதிரில் ஓர் ஆளை நிறுத்தி ஆடிப் பார்க்க வேண்டும். அப்போதும் தலை நிமிர்ந்தே இருந்தால் கருவி தன் வேலையைச் செய்துவிட்டது.